உலோகக் கண்ணாடியும் செலினியக் கண்ணாடியும்: அணுக்கள் கைகோக்கும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். வாலிநோக்கம் உப்பளத்தில் வாரிய கல்லுப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், அதன் முகங்கள் சதுரமாகவும் விளிம்புகள் நேராகவும் இருப்பது தெரியும். சோடியமும் குளோரினும் மாறி மாறி, ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். பாத்தியில் நீர் மெல்ல வற்றுவதால் அயனிகளுக்குத் தத்தம் இடத்தைச் சேர அவகாசம் கிடைக்கிறது. உருகிய பொருள் ஒன்றுக்கு அத்தகைய அவகாசம் தராமல் விரைந்து குளிர்வித்தால், அணுக்கள் திரவத்தில் இருந்த நிலையிலேயே உறைந்து கண்ணாடியாகின்றன.

உலோகத்தை இப்படி உறையவைப்பது கடினம். உலோகப் பிணைப்புக்குத் திசை கிடையாது. அணுக்கள் எளிதில் நகர்ந்து நெருங்கிப் படிகமாகிவிடும். 1960இல் கலிஃபோர்னியாவில் பால் டூவெஸும் சக ஆய்வாளர்களும், நான்கில் மூன்று பங்கு பொன் அணுக்களும் ஒரு பங்கு சிலிக்கான் அணுக்களும் கொண்ட உருகலை விநாடிக்குப் பத்து லட்சம் பாகை என்ற அளவில் குளிர்வித்துத்தான் முதல் உலோகக் கண்ணாடியைப் பெற்றார்கள். 1990களில் சிர்க்கோனியம், டைட்டானியம், செம்பு, நிக்கல், பெரிலியம் என அளவில் வேறுபட்ட அணுக்களைக் கலந்தபோது, விநாடிக்கு ஓரிரு பாகை வேகமே போதுமானதாயிற்று.

கண்ணாடியை ஒழுங்கற்றது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. பல உலோகக் கண்ணாடிகளில் ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள், இருபது முக்கோண முகங்கள் கொண்ட கூடாக அமைவதுண்டு. அருகில் பார்த்தால் அது அழகான ஒழுங்கு. ஆனால் ஐந்து மடிச் சமச்சீர் கொண்ட, அதாவது ஐந்தில் ஒரு சுற்று திருப்பினாலும் அதே தோற்றம் தரும், அந்தக் கூடுகளை மட்டும் அடுக்கி இடைவெளியின்றி இடத்தை நிரப்ப முடியாது. படிகமாவதை அதுவும் தடுக்கிறது.

கந்தகம், செலினியம், டெல்லூரியம் ஆகியவற்றால் ஆன சால்கோஜெனைடு கண்ணாடிகளின் கதை வேறு. அங்கே அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு, அதற்குத் திசையும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. செலினியம் இரண்டு, ஆர்செனிக் மூன்று, ஜெர்மானியம் நான்கு அணுக்களோடு கைகோக்கும். மீன்வலையில் முடிச்சுகள் குறைந்தால் வலை தொளதொளப்பதும் மிகுந்தால் விறைப்பதும்போல, இந்தப் பின்னலுக்கும் ஒரு நடுநிலை உண்டு. ஓர் அணுவுக்குச் சராசரி 2.4 பிணைப்புகள் என்பதே அந்த நடுநிலை என்று 1979இல் இயற்பியலாளர் ஜே. சி. பிலிப்ஸ் முன்வைத்த கருத்து பின்னர் வளர்ந்தது. இரண்டு ஆர்செனிக்குக்கு மூன்று செலினியம் என்ற கலவையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து அணுக்களுக்குப் பன்னிரண்டு, அதாவது சரியாக 2.4. அணுக்கள் கனமானவை, பிணைப்புகள் வலுக்குறைந்தவை என்பதால் அவற்றின் அதிர்வெண் தாழ்ந்திருக்கிறது. ஆகவே சாளரக் கண்ணாடி உறிஞ்சிவிடும் நீண்ட அகச்சிவப்புக் கதிர்கள் இவற்றின் ஊடே செல்கின்றன. இருளில் உடல் வெப்பத்தைக் கொண்டே ஆளைக் காட்டும் கேமராக்களுக்கு இவற்றில் வில்லைகள் செய்கிறார்கள்.

பாம்பனிலும் மண்டபத்திலும் வாழ்பவர்களுக்கு உப்புக்காற்று இரும்பை அரிப்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாதாரண எஃகில் படிகத் துகள்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில் அரிப்பு எளிதில் தொடங்கக்கூடும். கண்ணாடியில் அந்த எல்லைகளே இல்லை. இரும்போடு குரோமியமும் பாஸ்பரசும் சேர்த்த உலோகக் கண்ணாடி உப்புக் கரைசலை நன்றாகத் தாங்குவதை 1970களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாலத்தின் உத்திரத்தை இதிலேயே வார்க்க இயலாது. தடிமன் கூடினால் உட்புறம் மெதுவாகக் குளிர்ந்து படிகமாகிவிடும், பற்றவைத்தாலும் அந்த இடம் படிகமாகக்கூடும். எஃகின் மீது உருகிய துளிகளாகப் பீய்ச்சி மெல்லிய பூச்சாகப் படியவைப்பதே இன்று கைக்கு எட்டும் வழி.