ஆர்திஸ் என்றொரு ஊர் இல்லை

(எங்கள் ஊர் நூலகத்தில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டு, பயணக் கட்டுரை வாசிக்கப் போகிறேன் என்று நினைத்து வந்ததாக வாசலில் ஒருவர் சொன்னார். அதுவும் முழுத் தவறில்லை. ஒரு சொல் மூன்று மொழிகளைக் கடந்து போன பயணம்தான் இன்றைய பேச்சு.

புதிய ஏற்பாட்டில் கடைசிக்கு முந்தைய நூல் யூதா நிருபம். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். கோவிலில் அதை வாசிக்கக் கேட்டவர்கள்கூட அதிகம் கவனித்திருக்க மாட்டார்கள். அதில் 14ஆம் வசனத்தில் "ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கு" முன்னறிவித்ததாகச் சொல்லி ஒரு வாக்கு வருகிறது. ஆண்டவர் ஆயிரமாயிரம் பரிசுத்தவான்களோடு நியாயந்தீர்க்க வருகிறார் என்பது அதன் சாரம். சரி, ஏனோக்கு இதை எங்கே சொன்னார்? ஆதியாகமத்தைப் புரட்டினால் அவருக்கு அங்கே நாலைந்து வசனங்கள்தாம். 365 வருஷம் வாழ்ந்தார், தேவனோடே சஞ்சரித்தார், பிறகு காணப்படாமற்போனார், தேவன் அவரை எடுத்துக்கொண்டார். அவ்வளவே. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக அங்கே இல்லை. அப்படியானால் யூதா எதைப் பார்த்து எழுதினார்?

தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். யூதா நிருபமும் அதில் சேர்த்திதான். ஏனோக்கின் அந்த ஒரு வாக்கு தமிழில் அச்சேறிய ஆண்டில், அது எடுக்கப்பட்ட மூல நூல் முழுதாக ஐரோப்பாவில் ஒருவர் கையிலும் இல்லை. இன்னும் 58 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நூலின் பெயர் ஏனோக்கின் புத்தகம். 108 அதிகாரங்கள். ஏனோக்கு எழுதியதல்ல, கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடங்கி ஏறக்குறைய இயேசுவின் காலம் வரை, பல கைகள் பல சமயங்களில் எழுதி அவர் பெயரில் சேர்த்த ஐந்து நூல்களின் தொகுப்பு. அதில் முதல் பகுதிதான் எனக்குப் பிடித்தது. 'காவலர்' எனப்படும் வானதூதர்கள் 200 பேர், மனிதப் பெண்களின் அழகைக் கண்டு மயங்குகிறார்கள். இறங்கிப் போகலாம் என்று பேச்சு எழுகிறது. அவர்கள் தலைவன் செமியாசாவுக்குத் தயக்கம். எல்லோரும் சேர்ந்து கிளம்பிவிட்டுக் கடைசியில் நீங்கள் நழுவிவிட்டால், இந்தப் பெரும் பாவத்துக்கு நான் ஒருவனே தண்டனை அனுபவிக்க வேண்டி வருமே என்கிறான். அதனால் எல்லோரும் சேர்ந்து சபதம் செய்து, மீறினால் சாபம் என்று தங்களைக் கட்டிக்கொள்கிறார்கள். கூட்டாகத் தப்புச் செய்யப் போகிறவர்களின் பேச்சு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக மாறவே இல்லை பாருங்கள்.

பிறகு எர்மோன் மலையுச்சியில் இறங்குகிறார்கள். அசாசேல் என்பவன் மனிதர்களுக்கு வாளும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுக்கிறான். வளையல், கண் மை, சாயம் எல்லாம் அவன் கற்றுக்கொடுத்ததுதான். மற்றவர்கள் மந்திரமும் வேர் மருந்தும் நட்சத்திரக் குறியும் சொல்லித்தருகிறார்கள். பிறந்த பிள்ளைகள் இராட்சதர்கள். உலகம் ரத்தத்தில் மூழ்குகிறது. வெள்ளம் வருகிறது.

இந்த நூலை ஆதித் திருச்சபையில் பலர் மதித்தார்கள். ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதற்காக வாதாடியே இருக்கிறார். வெள்ளத்தில் அழியாமல் இது எப்படித் தப்பியது என்று கேட்டவர்களுக்கு, நோவா ஏனோக்கின் கொள்ளுப்பேரன்தானே, குடும்பத்தில் கேட்டு வைத்திருக்கமாட்டாரா என்று பதில் சொன்னார். இந்த வாதம் வருவது பெண்களின் அலங்காரத்தைக் கண்டிக்கும் அவருடைய நூலில். நகையும் மையும் விழுந்துபோன தூதர்கள் கொடுத்தவை என்று சொல்ல அவருக்கு ஏனோக்கு தேவைப்பட்டார். பின்னால் வந்த ஆயர் அகுஸ்தீனுக்குத் தேவைப்படவில்லை. இத்தனை பழமை என்று சொல்லிக்கொள்ளும் நூலை எப்படி நம்புவது என்று ஒதுக்கிவிட்டார். மெல்ல மெல்ல அதைப் படியெடுப்பவர்கள் இல்லாமற்போனார்கள். கி.பி. 800 வாக்கில் பைசாந்திய வரலாற்று ஆசிரியர் சின்கெல்லுஸ் தம் நூலில் எடுத்தாண்ட சில கிரேக்கப் பகுதிகள் எஞ்சின. அதற்கப்புறம் மேற்கே இந்த நூலுக்குப் பெயர்தான் மிச்சம்.

1773இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எத்தியோப்பியாவிலிருந்து ஐரோப்பா திரும்புகிறார். நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போனவர். அவர் மூட்டையில் ஏனோக்கு நூலின் பிரதிகள் மூன்று இருந்தன, எத்தியோப்பியத் திருச்சபையின் பழைய மொழியான கீஸில். ஒன்று பாரிசில் அரசர் நூலகத்துக்குப் போனது, ஒன்று ஆக்ஸ்ஃபோர்டுக்கு. தொலைந்த நூல் கண்டுபிடிக்கப்பட்டது என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். எனக்கு அந்தச் சொல்லாட்சியில் உடன்பாடு இல்லை. எத்தியோப்பியாவில் அது எப்போது தொலைந்தது? அங்கே அது வேதாகமத்தின் பகுதி. குருமார்கள் படித்தார்கள், படியெடுத்தார்கள், தோல் கிழிந்தால் மறுபடி படியெடுத்தார்கள். நம் வீட்டுப் பரணில் இருக்கும் பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்தார் என்றால் எப்படி இருக்கும்?

ஆக்ஸ்ஃபோர்டுப் பிரதியை வைத்து ரிச்சர்டு லாரன்ஸ் 1821இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தூதர்கள் இறங்கும் இடத்துக்கு வந்தார். இன்றைய எண்படி ஆறாம் அதிகாரம், ஆறாம் வசனம். கீஸ் பிரதியில் என்ன இருக்கிறது? 200 பேரும் 'ஆர்திஸ்' மேல் இறங்கினார்கள், அது எர்மோன் மலையின் உச்சி. அப்படியே மொழிபெயர்த்தார். ஆர்திஸ் எங்கே இருக்கிறது? எந்த வரைபடத்திலும் கிடையாது. எர்மோனைச் சுற்றி அப்படியொரு பெயர் இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

கீஸ் பிரதி கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தது. விடை சின்கெல்லுஸ் விட்டுச்சென்ற கிரேக்கப் பகுதியில் இருந்தது. அங்கே அதே வசனம் "யாரேதின் நாட்களில், எர்மோன் மலையுச்சிக்கு" என்று வருகிறது. யாரேத் ஏனோக்கின் தகப்பன். கிரேக்கத்தில் அந்தப் பெயரை அடுத்து வரும் சொல் 'எயிஸ்', நம் நான்காம் வேற்றுமை 'கு' மாதிரி. பழைய கிரேக்கச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடமாட்டார்கள். ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்: புள்ளியும் இல்லை, பிரிப்பும் இல்லை, எங்கே வெட்டுவது என்பது படிப்பவன் பாடு. யாரேத், எயிஸ் இரண்டும் ஒட்டிக்கொண்டன. 'நாட்களில்' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்தது. ஒட்டியது ஆர்திஸ் என்ற ஊராகிவிட்டது. ஒரு மனிதனின் பெயரும் ஒரு வேற்றுமைச் சொல்லும் சேர்ந்து பெற்ற ஊர்!

இதை வெறும் எழுத்துப்பிழை என்று கடந்து போகலாம். ஆனால் எபிரேயம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. 'யரத்' என்றால் இறங்கினான் என்று பொருள். 'இறங்கினான்' என்று பெயர் கொண்டவனின் காலத்தில் இறங்கினார்கள். எர்மோன் என்ற பெயரிலும் அதே விளையாட்டு: அதன் வேர்ச்சொல்லுக்குச் சாபத்தோடு கூடிய ஆணை என்ற பொருள் உண்டு, அங்கேதான் சபதம் செய்தார்கள். இந்தச் சிலேடை கிரேக்கத்தில் செல்லாது, கீஸில் பிடிபடாது. ஆக நூல் முதலில் அரமேயத்திலோ எபிரேயத்திலோதான் இருந்திருக்க வேண்டும். லாரன்சுக்குப் பின் ஆர். எச். சார்லஸ் என்ற அறிஞர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது ஆர்திஸை எடுத்துவிட்டு யாரேதை உட்காரவைத்தார்.

1952இல் சாக்கடல் கரையில் கும்ரானின் நான்காம் குகையில் ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ஏனோக்கு நூல்களின் அரமேயப் பிரதிகள் 11 இருந்தன. எல்லாம் சிதிலம், சில துண்டுகள் தபால் தலை அளவுதான். அவற்றைச் சேர்த்துப் படித்தவர் மிலிக் என்ற போலந்து அறிஞர், 1976இல் பதிப்பித்தார். அதில் ஒரு துண்டில் இருக்கிறது: "யாரேதின் நாட்களில்". ஊகம் சரிதான்.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எத்தியோப்பியாவில் எத்தனையோ தலைமுறை எழுத்தர்கள் ஆர்திஸ் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது யோசித்திருப்பார், இது என்ன ஊர் என்று. புத்திசாலித்தனமாக அந்தச் சொல்லை நீக்கியிருந்தால் வசனம் அழகாக ஓடியிருக்கும்: எர்மோன் மலையின் உச்சியில் இறங்கினார்கள். ஒருவருக்கும் உறுத்தாது, ஒருவரும் தேடியிருக்க மாட்டார்கள். புரியாததைப் புரியாததாகவே எழுதிவைத்தார்கள். அந்தப் பிழைதான் கிரேக்கச் சுவடிக்கு வழி காட்டியது.

மிலிக் மகா கெட்டிக்காரர். அவர் கண்ணுக்குப் பிடிபட்ட எழுத்துகள் வேறொருவர் கண்ணுக்குப் பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் துண்டில் இல்லாததையும் அவர் நிரப்பினார். கிரேக்கத்திலிருந்தும் கீஸிலிருந்தும் அரமேயத்துக்குத் தாமே திருப்பி மொழிபெயர்த்து, சதுர அடைப்புக்குறிக்குள் வைத்தார். சில பக்கங்களில் குறிக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பது அதிகம். அறிஞர்கள் இதற்காக அவரைக் கடுமையாகவே விமர்சித்தார்கள். அவர் ஏமாற்றவில்லை, குறி போட்டுத்தான் வைத்தார். ஆனால் அடுத்தவர் எடுத்தாளும்போது முதலில் விழுவது அடைப்புக்குறிதானே.

அதே மிலிக் செய்த இன்னொரு காரியத்துக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். கும்ரான் துண்டுகளில் ஏனோக்கின் கதையோடு ஒட்டி, இராட்சதப் பிள்ளைகளின் கனவுகளைச் சொல்லும் ஒரு நூல் இருந்தது. இதை எங்கோ படித்திருக்கிறோமே என்று அவருக்குப் பொறி தட்டியது. நடு ஆசியாவில் துர்பான் என்ற பாலைவனச் சோலையில், பாரசீகத்தில் மானி என்பவர் தொடங்கிய மதத்தாரின் ஏடுகள் கிடைத்திருந்தன. 'இராட்சதர் நூல்' என்ற அவர்களுடைய நூலின் துண்டுகளை ஹென்னிங் என்ற அறிஞர் 1943இல் வெளியிட்டிருந்தார். இரண்டும் ஒரே கதை. சாக்கடல் கரையில் அரமேயத்தில் இருந்தது, சீன எல்லைவரை பாரசீகத்திலும் சோக்தியம் என்ற நடு ஆசிய மொழியிலும் போயிருக்கிறது. அரமேயத் துண்டில் ஒரு இராட்சதனின் பெயர் கில்கமெஷ்! பாபிலோனியக் காவியத் தலைவனை யூத எழுத்தாளர் விழுந்துபோன தூதர்களின் பிள்ளையாக்கிவிட்டார்.

நாட்காட்டி பற்றி ஒரு வார்த்தை. ஏனோக்கு நூலின் வானியல் பகுதி வருஷத்துக்கு 364 நாள் என்று அடித்துச் சொல்கிறது. சரியாக 52 வாரம். பண்டிகைகள் ஒவ்வொரு வருஷமும் அதே கிழமையில் வரும். கும்ரானில் தனித்து வாழ்ந்த யூதச் சமூகம் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று சண்டை போட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு, நாட்காட்டிக்காக ஒரு கூட்டம் தனியே பிரிந்து நிற்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

'உவமைகள்' எனப்படும் 37 முதல் 71 வரையான அதிகாரங்கள் மட்டும் கும்ரானில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. மனுஷகுமாரன் சிம்மாசனத்தில் அமர்ந்து நியாயந்தீர்ப்பது அங்கேதான் வருகிறது. நற்செய்திகளோடு ஒப்பிட மிக முக்கியமான பகுதி. மிலிக் இதைக் கி.பி. 270 வாக்கில் ஒரு கிறிஸ்தவர் எழுதியதென்று சொல்லிப் பார்த்தார். பெரும்பாலோர் ஏற்கவில்லை, இயேசுவின் காலத்தை ஒட்டி எழுதிய யூத நூல் என்பதே இன்று பலரின் முடிவு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கிடைக்கவில்லை என்பதாலேயே இல்லை என்று சொல்ல முடியாது. எஸ்தர் புத்தகமும்தான் கும்ரானில் கிடைக்கவில்லை.

இன்னொன்று, கசப்பானது. 1868இல் பிரிட்டிஷ் இந்தியப் படை எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைப் பிடித்து, அரசர் தியோத்ரோஸ் சேர்த்துவைத்த சுவடிகளை அள்ளிக்கொண்டு வந்தது. படையில் நம் மதராஸ் சப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவும் இருந்தது, இங்கிருந்து கப்பலேற்றிய யானைகளும் இருந்தன. சுமார் 350 சுவடிகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சார்லஸ் தம் பதிப்புக்கு நம்பிய நல்ல பிரதிகளில் சில அந்தக் கொள்ளையில் வந்தவை. பதிப்பின் அருமையையும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

யூதாவின் வசனத்துக்குத் திரும்புவோம். அந்த வாக்கு ஏனோக்கு நூலின் முதல் அதிகாரம் ஒன்பதாம் வசனம். அதன் அரமேயத் துண்டும் கும்ரானில் இருக்கிறது, முழு வாக்கியமல்ல, சில சொற்கள். அதில் 'அவருடைய பரிசுத்தர்கள்' என்பது தப்பிப் பிழைத்திருக்கிறது. தமிழில் நாம் பரிசுத்தவான்கள் என்றதும் புனிதரான மனிதர்களை நினைத்துக்கொள்கிறோம். ஏனோக்கு நூலில் அது வானதூதர்களைக் குறிக்கும் சொல். இறங்கி வந்து கெட்டவர்களும் தூதர்களே, நியாயந்தீர்க்க ஆண்டவரோடு இறங்கி வருகிறவர்களும் தூதர்களே.

அப்புறம், படித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. இணையத்தில் ஏனோக்கின் புத்தகம் என்று இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் லாரன்ஸ் மொழிபெயர்த்தது அல்லது சார்லஸ் மொழிபெயர்த்தது, பல சமயம் யாருடையது என்ற குறிப்பே இல்லாமல். தூதர்கள் சபதம் செய்யும் இடத்துக்குப் போங்கள். யாரேதின் நாட்களில் இறங்கினார்கள் என்றிருந்தால் கையிலிருப்பது சார்லஸ். ஆர்திஸில் இறங்கினார்கள் என்றிருந்தால் அது லாரன்ஸ்.