கத்தி வெச்சா பரவிடுமா? வயித்து கேன்சர் பரவுற வழியும் ஆபரேஷனும்

வணக்கம். இரைப்பையில கேன்சர்னு ரிப்போர்ட் வந்த உடனே வீடு ரெண்டு கட்சியா பிரிஞ்சிடும். ஒரு கட்சி "நாளைக்கே வெட்டி எடுத்துடுங்க டாக்டர், எதுக்கு தள்ளிப் போடுறீங்க"ன்னு நிக்கும், இன்னொரு கட்சி "கத்தி வெச்சா பரவிடும், தொடவே வேணாம்"னு நிக்கும். ரெண்டு கட்சிக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு, இந்த கேன்சர் இரைப்பைய விட்டு எந்த வழியா வெளிய போகுதுங்கிறதுல.

(திரையில்: இரைப்பை சுவரோட குறுக்குவெட்டு)

இரைப்பை சுவர பாருங்க, அடுக்கடுக்கா இருக்கும். உள்பக்கம் சளிச்சவ்வு, அதுக்கு அடியில தளர்வா ஒரு அடுக்கு, அப்புறம் தசை, வெளிய பளபளன்னு ஒரு மெல்லிய உறை. ஆரம்பிக்கிறது பெரும்பாலும் சளிச்சவ்வுல, அதுவும் பல வருஷமா ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற கிருமி உக்காந்து புண்ணாக்கி வெச்ச இடத்துல. சளிச்சவ்வோட நின்னுடுச்சுன்னா வெளிய பரவியிருக்க வாய்ப்பு நூத்துல ஒரு சிலருக்குதான். அடுத்த தளர்வான அடுக்குக்குள்ள கால் வெச்சிடுச்சுன்னா அஞ்சாறு பேர்ல ஒருத்தருக்கு நெறிக்கட்டு (லிம்ஃப் நோட்) வரைக்கும் போயிருக்கும், ஏன்னா நிணநீர், அதாவது லிம்ஃப்ங்கிற தண்ணி ஓடுற குழாய்ங்க அங்கதான் வலை மாதிரி பின்னியிருக்கு. ரெண்டு அடுக்குக்கும் நடுவுல தூரம் ரொம்ப கம்மிதான் பாத்துக்கோங்க.

சரி, வெளிய போற வழிங்க. முதல் வழி சும்மா பக்கத்து வீட்டுக்கு சுவர் ஏறிக் குதிக்கிறது: பின்னாடி கணையம், கீழ பெருங்குடல், மேல உணவுக்குழாய். ரெண்டாவது ரத்தம். இரைப்பையோட ரத்தம் முதல்ல போய்ச் சேர்றது கல்லீரலுக்கு, அதனால தூரமா பரவுறப்ப கல்லீரல்தான் அடிக்கடி மாட்டும்.

மூணாவது நிணநீர். இரைப்பைய சுத்தி ரத்தக்குழாய் ஓடுற பாதையெல்லாம் சின்ன சின்ன நெறிக்கட்டு இருக்கு, கேன்சர் செல்லு அதுல ஒண்ணொண்ணா தங்கித் தங்கி போகும். சில பேருக்கு கழுத்துல, இடது காறை எலும்புக்கு மேல கெட்டியா ஒரு கட்டி தட்டுப்படும். வயித்துக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்னு தோணும்ல, உடம்போட பெரிய நிணநீர் குழாய் நெஞ்சு வழியா ஏறி இடது கழுத்துலதான் ரத்தத்தோட கலக்குது. இத 1848லயே எழுதி வெச்சவர் ஜெர்மன் டாக்டர் ருடால்ஃப் விர்ச்சோ, இன்னைக்கும் அந்த கட்டிக்கு அவர் பேருதான்.

நாலாவதுதான் மோசமானது. கட்டி வெளி உறைய ஓட்டை போட்டுச்சுன்னா செல்லு உதிர்ந்து வயித்துக்குள்ள கொட்டும், விதை தூவின மாதிரி. குடலு மேல, உள் ஜவ்வு மேல, பொம்பளைங்களுக்கு சினைப்பை மேல எங்க விழுதோ அங்க முளைக்கும். சினைப்பையில வர்ற இந்த கட்டிய 1896ல க்ரூகன்பெர்க்னு ஒரு டாக்டர் எழுதினாரு, அது சினைப்பையிலயே பொறந்த கட்டின்னு நினைச்சிட்டாரு, பெரும்பாலும் இரைப்பையிலேருந்து வந்து விழுறதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த அளவுக்கு ஏமாத்தும்.

இதுல பிரச்சனை என்னன்னா, கடுகு சைஸ்ல ஒட்டியிருக்கிறது சிடி ஸ்கேன்ல மாட்டவே மாட்டாது. அந்த காலத்துல ஸ்கேன் சுத்தமா இருக்குன்னு வயித்த திறப்பாங்க, உள்ள பாத்தா எங்க பாத்தாலும் புள்ளி புள்ளியா இருக்கும், ஒண்ணும் பண்ண முடியாம மூடிடுவாங்க, சில மாசத்துல ஆளு போயிடுவாரு. கத்தி வெச்சதாலதான் பரவுச்சுங்கிற பேச்சுக்கு இதுவே பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். பரவினது கத்திக்கு முன்னாடியே. கட்டிய முரட்டுத்தனமா கையாண்டா செல்லு உதிரலாம்ங்கிறது நெசம்தான், அதுக்குத்தான் சர்ஜன் வெளி உறைய முடிஞ்சவரைக்கும் தொடாம வேலை பாப்பாரு, ஆனா விட்டு வெச்சா அது தானாவே உதிரப் போகுதே.

இப்போ பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாக்குறாங்க. வயித்துக்குள்ள உப்புத்தண்ணி ஊத்தி அலசி, அத உறிஞ்சி மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. கண்ணுக்கு எதுவுமே தெரியாம அந்த தண்ணியில மட்டும் கேன்சர் செல்லு இருந்தாலும் நாலாவது ஸ்டேஜ் கணக்குதான், அப்போ நேரா கத்தி இல்ல, மருந்துதான் முதல்ல.

தண்ணி சுத்தமா இருந்தாலும் கட்டி தசை வரைக்கும் இறங்கியிருந்தா நிறைய இடத்துல முதல்ல கீமோதான். ஃப்ளாட்ங்கிற மருந்து முறையில முன்னாடி 4 தடவை, ஆபரேஷன் முடிஞ்சு 4 தடவை. கண்ணுக்குத் தெரியாம கிளம்பிப் போன செல்ல மொதல்ல அடிக்கணும்ல. முதல் கட்சி கேட்ட "ஏன் தள்ளிப் போடுறீங்க"க்கு இதான் பதில்.

(திரையில்: இரைப்பையும் அத சுத்தி நெறிக்கட்டுகளும்)

இப்ப ஆபரேஷன். சளிச்சவ்வோட நின்ன சின்ன கட்டின்னா வயித்த கிழிக்கவே வேணாம், எண்டோஸ்கோப் வழியாவே அடியில மருந்து தண்ணி ஏத்தி தூக்கி, சீவி எடுத்துடலாம். மத்ததுக்கு இரைப்பைய எடுக்கணும், கட்டி கீழ் பாதியில இருந்தா மேல் பாகத்த விட்டு வெப்பாங்க, மேல இருந்தாலோ இரைப்பை முழுக்க பரவியிருந்தாலோ பெரும்பாலும் மொத்தமும் போகும். ஒரு வகை இருக்கு, கட்டியா திரளாம சுவருக்குள்ளயே ஊர்ந்து போகும், எண்டோஸ்கோப்ல காத்து ஊதினா இரைப்பை விரியாது, தோல் பை மாதிரி விறைச்சு நிக்கும், மேல கிள்ளி எடுத்த பயாப்ஸி கூட சில நேரம் ஒண்ணுமில்லன்னு வரும். அதுல எல்லை எங்கன்னு கண்ணால சொல்ல முடியாது, மொத்தமும் எடுத்தாகணும்.

1881 ஜனவரி 29 அன்னைக்கு வியன்னாவுல தியோடர் பில்ரோத்ங்கிற சர்ஜன் ஒரு 43 வயசு அம்மாவுக்கு இரைப்பையோட கீழ் பாகத்த எடுத்து மிச்சத்த தச்சாரு, இந்த ஆபரேஷன்ல முதல் வெற்றி அதுதான். அந்த அம்மா பொழச்சு எழுந்து நடந்தாங்க, ஆனா சுமார் நாலு மாசத்துல கேன்சர் திரும்பி வந்து இறந்துட்டாங்க. தையல் ஜெயிச்சுது, பரவுற வழிங்க அப்படியே இருந்துச்சு.

அதனாலதான் இப்போ இரைப்பையோட சேத்து நெறிக்கட்டையும் எடுக்குறாங்க. ஒட்டியிருக்கிறத மட்டும் எடுத்தா டி1, கல்லீரல் மண்ணீரல் பக்கம் போற ரத்தக்குழாய் மேல உக்காந்திருக்கிறதையும் உரிச்சு எடுத்தா டி2. துடிச்சுக்கிட்டிருக்கிற குழாய் மேலேருந்து கொழுப்ப மில்லிமீட்டர் மில்லிமீட்டரா உரிக்கணும், ஆபரேஷன்ல நேரம் தின்றது இதுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற பயாப்ஸி ரிப்போர்ட்ல மொத்தம் எத்தனை நெறிக்கட்டு பாத்தாங்கன்னு ஒரு நம்பர் இருக்கும், குறைஞ்சது 16 இருக்கணும், இல்லன்னா ஸ்டேஜ் சொல்றதே அரைகுறைதான்.

மொத்த இரைப்பையும் போனவங்களுக்கு சிறுகுடல மேல இழுத்து உணவுக்குழாயோட தச்சிடுவாங்க. சாப்பிடலாம், ஆனா கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை. வேகமா சாப்பிட்டா படபடன்னு வேர்த்துக் கொட்டும். இன்னொண்ணு பி12 ஊசி, அந்த விட்டமின் உடம்புல சேர இரைப்பை சுரக்கிற ஒரு பொருள் வேணும், இப்ப அது இல்ல. கல்லீரல்ல சில வருஷத்துக்கு ஸ்டாக் இருக்கிறதால ஊசிய நிறுத்தினாலும் உடனே ஒண்ணும் தெரியாது, நல்லாதான இருக்கேன்னு விட்டுடுவாங்க, மூணு நாலு வருஷம் கழிச்சு கால் மரத்துப் போகுதுன்னு வேற டாக்டர்கிட்ட போய் உக்காந்திருப்பாங்க.