கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் சம்பளம்: பஸ் பிடித்தம் ஒழிந்தது!

வணக்கம் நண்பர்களே. நான் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், அதாவது நர்சிங் மாணவிகளுக்கு மருத்துவமனை வார்டிலேயே வேலை கற்றுக்கொடுக்கும் கல்லூரி ஆசிரியர். போஸ்டிங் (மாணவிகளின் வார்டுப் பயிற்சி) முடிந்து வந்த கையோடு, வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் பிடித்தம் ஒழிந்தது! சம்பளச் சீட்டைக் கேமராவுக்கு நெருக்கமாகக் காட்டுகிறேன், பாருங்கள். ‘போக்குவரத்து’ என்ற வரிக்கு எதிரே வெறும் கோடு. போன மாதம் வரை அங்கே 1,500 ரூபாய் இருந்தது.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். மாணவிகளை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் கல்லூரி பஸ் அது. காலை ஆறரைக்கு ஏறிப் பெயர் கூப்பிடுகிறேன், சீருடை, நகம், வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் எல்லாம் பார்க்கிறேன். வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிறகு எதற்கு நான் டிக்கெட் வாங்க வேண்டும்? வாயால் கேட்டபோதெல்லாம் ‘பார்க்கலாம் மேடம்’ என்ற ஒரே பதில்தான். இந்தத் தடவை நாங்கள் எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டோம். கூடவே போஸ்டிங் பட்டியலின் நகலை இணைத்தோம். அதில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ‘பொறுப்பு ஆசிரியர்’ என்று எங்கள் பெயரைக் கல்லூரியே அச்சடித்திருக்கிறது. கணக்குப் பிரிவால் அதை மறுத்துப் பேச முடியவில்லை. வருடத்துக்கு 18,000 ரூபாய், நண்பர்களே! சிறுநகரக் கல்லூரி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என் ஜூனியருக்கு ஒரு மாதச் சம்பளமே அவ்வளவுதான்.

அந்த ஜூனியர் நேற்று ஒரு வேலை விளம்பரம் அனுப்பினாள். தகுதி, அனுபவம், வயது எல்லாம் வரி வரியாக இருக்கிறது. சம்பளம் மட்டும் ‘நேரில் பேசப்படும்’. எனக்கு இதைவிட வெறுப்பான வாக்கியம் கிடையாது. பஸ் ஏறி, ஒரு நாள் லீவு போட்டு, தேர்வுக்குழு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தொகை தெரிய வேண்டுமா?

மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவ நிறுவனங்களின் வேலை அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். ட்யூட்டர் அல்லது கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் பதவி, ஏழாவது ஊதியக் குழுவின் 10-ஆம் நிலை, அடிப்படை 56,100 ரூபாய். டெல்லியானாலும் ஜார்க்கண்டின் தேவ்கர் ஆனாலும் அதே அடிப்படைதான், அதே அகவிலைப்படிதான். ஊருக்கு ஊர் மாறுவது வீட்டு வாடகைப்படி. பெருநகரத்துக்கு 30 சதவீதம், அடுத்த வகை நகரத்துக்கு 20, மற்ற ஊர்களுக்கு 10. அதாவது டெல்லியில் 16,830, போபாலிலும் ஜோத்பூரிலும் 11,220, தேவ்கரில் 5,610. நம் சென்னை முதல் வகை. கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஈரோடு, திருப்பூர் இரண்டாம் வகை. ஒரு நிமிடம், முக்கியமானது விட்டுப்போயிற்று: வளாகத்திலேயே குடியிருப்பு கொடுத்துவிட்டால் இந்தப் படி கிடையாது. கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துப் பாருங்கள்.

தனியார் கல்லூரிகளில் இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. ஒரே சாலையில் எதிரெதிரே இரண்டு கல்லூரி இருந்தால் இரண்டு சம்பளம். அதனால் ‘எந்த மாநிலத்தில் அதிகம் அக்கா?’ என்று கேட்பவர்களிடம், முதலில் யார் நடத்தும் கல்லூரி என்று கேளுங்கள் என்கிறேன்.

மாநிலம் முக்கியமே இல்லையா என்றால், கேரளாவைப் பாருங்கள். போராட்டம் நடத்தி, 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அரசாணை வாங்கினார்கள். அதற்கு முன் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகவே கொடுக்க வேண்டும் என்றது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்றது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு மருத்துவமனை ஊழியருக்கு. அதே வார்டில், அதே கட்டில் அருகே நிற்கும் நாங்கள் கல்லூரி ஊழியர்கள்.

நிற்பது என்றால் சும்மா நிற்பதில்லை. இன்று ஒரு மாணவி முதல் முறையாகத் தசை ஊசி போட்டாள். மருந்துப் பெயரை மூன்று தடவை படிக்க வைத்தேன். சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி; தட்டினாள், நகரவில்லை, இன்னொரு தட்டு, ஏறியது. பிஸ்டன் மேல் இருந்த அவள் கட்டைவிரல் நடுங்கியது. அந்தப் பாட்டி ‘போடு கண்ணு’ என்றார். அந்த ஊசி தப்பானால் பதில் சொல்ல வேண்டியது நான். இந்திய நர்சிங் கவுன்சில் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. பத்துக் கட்டைவிரலையும் பார்ப்பதற்குத்தான் இந்தச் சம்பளம்.

அமெரிக்காவிலும் கற்பிப்பவருக்குக் கொஞ்சம் குறைவுதான்: 2023 அரசுக் கணக்கில் பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்குக் கீழ்) 86,070 டாலர், நர்சிங் ஆசிரியருக்கு அதைவிடச் சில ஆயிரம் டாலர் குறைவு. அங்கே யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், மாநில வாரியாக அரசே வெளியிடுகிறது. இங்கேயும் எனக்கு அதுதான் வேண்டும். தொகையை அச்சிடுங்கள்!

ஆ, தகுதி சொல்லவில்லை. எம்.எஸ்சி. நர்சிங் இருந்தால் முன்னுரிமை, இல்லையென்றால் பி.எஸ்சி.யும் ஒரு வருட அனுபவமும். இந்த வருடம் சேரப்போகிறவர்கள் கையில் வரும் தொகை எவ்வளவு, பஸ், விடுதி, சாப்பாடு என்று எதெல்லாம் பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். வேறு வேலை கிடைத்தும் அசல் உள்ளே மாட்டிக்கொண்டதால் போக முடியாமல் தவித்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் அதை எப்படித் திரும்ப வாங்கினார்கள் என்பதை அடுத்த வீடியோவில் விரிவாகச் சொல்கிறேன்.