மிட்டாய்க் கடைக்காரர் கேட்காத கதை

நேயர்களுக்கு வணக்கம். மனைவி தவறுகிறாள், கணவன் மன்னிக்கிறான். இவ்வளவுதான் கதை என்றால் இதைப் பேச நான் வந்திருக்கமாட்டேன். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் எழுதி 1933-ல் வெளியான சிறுகதை 'தி கில்டெட் சிக்ஸ்-பிட்ஸ்'. முலாம் பூசிய முக்கால் டாலர் என்று சொல்லலாம்.

கதை நடப்பது ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லில். 1887 முதல் கறுப்பின மக்கள் தாங்களே நிர்வாகம் செய்துவந்த ஊர் அது. ஹர்ஸ்டன் வளர்ந்ததும் அங்கேதான். ஜோ உரத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். சனிக்கிழமைதோறும் ஒன்பது வெள்ளி டாலர்களை வாசல் வழியே கலகலவென்று வீசுவான். அவன் மனைவி மிஸ்ஸி மே பொய்க்கோபத்தோடு ஓடிவந்து அவன் பைகளைத் துழாவுவாள். மிட்டாய் கிடைக்கும். அப்புறம் ஸ்லெமன்ஸ் என்றொருவன் ஊருக்கு வருகிறான். வாயில் தங்கப் பல், கடிகாரச் சங்கிலியில் தங்கக் காசு. எல்லாம் சிகாகோ வெள்ளைக்காரப் பெண்கள் கொடுத்தது என்று அளக்கிறான். ஆலையில் அமிலம் தீர்ந்துபோன ஓர் இரவில் ஜோ சீக்கிரமே வீடு திரும்புகிறான். படுக்கையறையில் ஸ்லெமன்ஸ் இருக்கிறான். அந்தத் தங்கக் காசைத் தருவதாகச் சொல்லியே அவளை மசிய வைத்திருக்கிறான். காசோ, முலாம் பூசிய அரை டாலர். அவன் உடையில் குத்தியிருந்த இன்னொரு 'தங்கக்' காசு முலாம் பூசிய கால் டாலர். இரண்டும் சேர்ந்ததுதான் தலைப்பின் முக்கால் டாலர்.

இனி, கதை சொல்லும் குரலுக்கு வருவோம். முதல் வாக்கியத்திலேயே முற்றம், வீடு, குடியிருப்பு மூன்றுக்கும் 'நீக்ரோ' என்று அடைமொழி போடுகிறது அந்தக் குரல். வெளியாள் ஒருவர் தெருவில் நின்று பார்த்துச் சொல்வது போல இருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் ஏதோ ஒரு மகிழ்ச்சி இருந்தது என்கிறது. நாமும் அப்படித்தான் பார்க்கத் தொடங்குகிறோம். காசு வீசும் விளையாட்டை ரசிக்கிறோம். பிறகு கதவு தாண்டி உள்ளே போய்விடுகிறோம். மனைவியோடு இன்னொருவனைக் கண்ட நொடியில் ஜோ என்ன செய்கிறான் தெரியுமா? வாயைத் திறந்து சிரிக்கிறான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. இந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் ஓடுகின்றன. இருவருக்கும் நடுவே கனத்த மௌனம். கடைசியில் ஆண் குழந்தை பிறக்கிறது. அச்சு அசல் ஜோவின் சாயல். அதன் பிறகுதான் அவன் ஆர்லாண்டோவுக்குப் போய், அதே போலிக் காசை நீட்டி மிட்டாய் வாங்குகிறான். காசைப் பற்றி வெள்ளைக்காரக் கடைக்காரர் விசாரிக்க, ஊர் வழியே வந்த எவனோ ஒருவனுடையது, என்னை அவனால் ஏமாற்ற முடியவில்லை என்று வேடிக்கையாக ஒரு கதை விடுகிறான். தன் வீட்டுத் துயரத்தைக் கல்லாவின் முன்னால் வைக்க அவன் தயாராக இல்லை. அவன் போனதும் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்கிறார்: இந்தக் கறுப்பர்கள் மாதிரி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், எந்நேரமும் சிரிப்பு, எதற்கும் கவலையில்லை.

என்னை உலுக்குவது இந்த இடம். 'மகிழ்ச்சி' என்று தொடக்கத்தில் அந்தக் குரல் சொன்னதும், கடைக்காரர் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவே நாம் ஒரு வீட்டுக்குள் போய்வந்திருக்கிறோம், அவர் போகவில்லை. கதைசொல்லி அவரைக் கண்டிக்கவில்லை. மறுத்து ஒரு வார்த்தைகூட இல்லை. ஜோவோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். இனவெறியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1937-ல், ஹர்ஸ்டனின் நாவல் ஒன்றுக்கு மதிப்புரை எழுதிய இன்னொரு கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட், கறுப்பர்களைக் கோமாளிகளாக்கி வெள்ளையர்களைச் சிரிக்க வைக்கும் பழைய மேடைக் கூத்தைத்தான் இவர் தொடர்கிறார் என்று குற்றம் சாட்டினார். ரைட் பெரிய எழுத்தாளர். அவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் இந்தக் கதையை எழுதியவர்மீது அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏமாறுபவரையே ஒரு பாத்திரமாக்கி, ஆர்லாண்டோ கடையில் நிறுத்தியிருக்கிறார் ஹர்ஸ்டன்.