பன்னிரண்டாவது ஆளுக்கு ஒரு பதக்கம்

விழாத் தலைவர் அவர்களே, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் மைதானத்துக்கு வந்து நிற்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்பு அருமையாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட உடற்கல்வி இயக்குநர் அவர்களே, "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று அன்போடு மிரட்டிய செயலாளர் அவர்களே, நான் பெயர் சொல்லத் தவறிய பெரியோர்களே, மாணவ மணிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். எந்த மேடையில் ஏறினாலும் நான் இதைச் சொல்வேன் என்று தெரிந்தவர்கள் அங்கே சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சின்னக் கல்லூரி ஒன்றின் வெற்றிப் பருவத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று பயிற்சி, இரண்டு பணம், மூன்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், டான்வில் என்ற சிற்றூர். அங்கே சென்டர் கல்லூரி. அமெரிக்கக் கால்பந்து ஆடினார்கள். பேர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையில்தான் பந்து! 1919இல் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வென்றார்கள். ஆட்டத்துக்கு முன் பிரார்த்தனை செய்வதால் 'பிரார்த்தனைக் கர்னல்கள்' என்று பெயர் வந்தது. 1920இல் ஹார்வர்டிடம் 31-14 என்று தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, 1921 அக்டோபர் 29 அன்று, அதே ஹார்வர்டின் மைதானத்துக்கே மறுபடியும் போனார்கள். போ மெக்மில்லின் என்ற இளைஞர் பந்தை அணைத்துக்கொண்டு முப்பத்திரண்டு கெஜம் ஓடிக் கோட்டைக் கடந்தார். 6-0. ஊரில் மாணவர்கள் சுவர்களில் 'சி6எச்0', அதாவது சென்டர் 6, ஹார்வர்ட் 0 என்று எழுதித் தள்ளினார்கள். எந்த வேதியியல் ஆசிரியரும் ஒப்புக்கொள்ளாத சூத்திரம். ஹார்வர்ட் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே, அது போதாதா? துரும்பு பல்லைக் குத்தியது!

இனிப் பயிற்சி. பயிற்சி மிக முக்கியம். பணமும் அப்படியே. இவற்றைச் செயலாளர் அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் மூன்றாவதற்கு வந்துவிடுகிறேன்.

1922 ஜனவரி 2. டல்லஸ் நகரம். அதுவரை அந்தப் பருவத்தில் தோல்வியே காணாத சென்டர் அணிக்கு எதிரே டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி. மெக்மில்லினுக்கு அன்று காலைதான் கல்யாணம்! மாப்பிள்ளை மாலையைக் கழற்றிவிட்டு மைதானத்துக்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கியதும் டெக்சாஸ் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக அடிபட்டு வெளியே வருகிறார்கள். பயிற்சியாளர் டானா பைபிள் பெஞ்சைப் பார்க்கிறார். பெஞ்ச் காலியாகிக்கொண்டே வருகிறது. அண்ணாந்து பார்க்கிறார். மேலே பத்திரிகையாளர் மாடத்தில் கிங் கில் என்ற மாணவர், நிருபர் ஒருவருக்கு ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருக்கிறார். கால்பந்தை விட்டுக் கூடைப்பந்துக்குப் போய்விட்டவர் அவர். கூப்பிட்ட குரலுக்கு இறங்கி வந்தார். பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில், அடிபட்டவர் ஒருவரின் சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு, ஓரக்கோட்டில் வந்து நின்றார். நின்றார், நின்றார், கடைசி வரை நின்றார். ஒரு நொடிகூட ஆடவில்லை! டெக்சாஸ் 22-14 என்று வென்றது. சென்டர் அணிக்கு அந்தப் பருவத்தில் அது ஒன்றே தோல்வி. கில்லுக்குக் கிடைத்த பெயர் 'பன்னிரண்டாவது ஆள்'. இன்றும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டேதான் பார்க்கிறார்கள், கூப்பிட்டால் போவதற்கு.

சென்டரைப் புகழ வந்தவன் எதிரணிக்காரனைப் புகழ்கிறானே என்று தலைவர் அவர்கள் பார்க்கிறார். என் வழக்கே அதுதான், ஐயா. தினமும் விடியற்காலையில் ஓடி, மற்றவர்களுக்குச் சமமாக உதைபட்டு, போட்டியன்று தண்ணீர்ப் புட்டி சுமக்கும் பிள்ளைக்குச் சான்றிதழில் பெயர் இல்லை. படத்தில் ஓரத்தில் பாதி முகம். சிறு துரும்பு என்று ஒதுக்கிவிட்டால் பல் குத்த யாரைத் தேடுவது?

ஆகவே விளையாட்டுக் குழுவுக்கு என் கோரிக்கை: மாற்று ஆட்டக்காரர்களுக்கும் அதே பதக்கம், அதே சான்றிதழ், அதே பயணப்படி. விண்ணப்பத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், சட்டைப் பையில் இருக்கிறது. முதல்வர் அவர்கள் கீழே இறங்குவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டால் எனக்கு இன்னொரு மேடை மிச்சம். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வணக்கம்.