விடுபட்ட விருந்து

நண்பர்களே, 2021-இல் வெளியான 'டூன்' படம் முடிந்து வெளியே வந்ததும் நாங்கள் நாலு பேர் அப்படியே நின்று பேச ஆரம்பித்தோம். படம் நன்றாக இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒவ்வொருவர் முகத்திலும் அது எழுதியிருந்தது. ஒரு மணி நேரம் போன பேச்சு முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றித்தான். அந்த விருந்து எங்கே போனது?

படத்துக்கு மூலமான ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அராக்கிஸ் என்பது மழையே பெய்யாத ஒரு பாலைக் கோள். அங்கே ஆட்சி செய்ய வருகிறார் லெட்டோ பிரபு. அரண்மனையின் விருந்துக்கூட வாசலில் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. உள்ளே வருகிற விருந்தாளி தொட்டியில் கையை நனைத்து, சில குவளைத் தண்ணீரைத் தரையில் சிந்தி, துண்டில் துடைத்து, அந்தத் துண்டையும் ஈரத்திலேயே எறிந்துவிட்டுப் போவார், அதுதான் அங்கே மரியாதை. விருந்து முடிந்த பிறகு வெளியே காத்துக் கிடக்கும் ஏழைகளுக்கு அந்தத் துண்டுகளைப் பிழிந்த தண்ணீர் கிடைக்கும். லெட்டோ இதைக் கேட்டதும் உடனே நிறுத்தச் சொல்கிறார். வாசலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குவளை நல்ல தண்ணீர் கொடுங்கள் என்கிறார். இவ்வளவுதான், ஒரு பக்கம்கூட வராது. ஆனால் அந்தக் கோளில் யாரிடம் அதிகாரம் இருக்கிறது, யாருக்கு நாக்கு வறண்டிருக்கிறது என்பதை ஓர் ஈரத்துண்டை வைத்தே சொல்லிவிடுகிறார் ஃபிராங்க் ஹெர்பர்ட். இது படத்தில் இல்லையென்றால் எங்களுக்கு வலிக்காதா?

சரி, ஏன் இல்லை என்று யோசித்தால் காரணமும் தெரிகிறது. அந்த விருந்து மேசையில் பேச்சு குறைவு, நினைப்புதான் அதிகம். ஒருவர் ஒரு வாக்கியம் பேசுவார், எதிரே இருப்பவர் அதில் எது பொய், எது மிரட்டல், எது தூண்டில் என்று மனதுக்குள் கணக்குப் போடுவார். நாவல் முழுக்க இப்படித்தான், எல்லார் மண்டைக்குள்ளும் மாறி மாறிப் புகுந்து வருகிறது கதை. கேமராவால் மண்டைக்குள் போக முடியாது. 'டூன்' படங்களின் வரலாறே இந்த ஒரு சிக்கலோடு நடந்த மல்லுக்கட்டுதான் என்பது என் எண்ணம்.

அதற்கு முன்னால் இந்தப் புத்தகம் எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1957 வாக்கில் ஹெர்பர்ட் ஒரு பத்திரிகையாளராக அமெரிக்காவின் ஆரெகன் கடற்கரையில் இருக்கும் ஃப்ளோரன்ஸ் என்ற ஊருக்குப் போகிறார். அங்கே மணல்மேடுகள் நகர்ந்து வந்து சாலையை மூடிக்கொண்டிருந்தன, அதைப் புல் நட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போனவர் கட்டுரையை முடிக்கவே இல்லை. மணல் அவரைப் பிடித்துக்கொண்டது. பல வருடப் படிப்புக்கும் எழுத்துக்கும் பிறகு 'அனலாக்' என்ற அறிவியல் புனைகதை இதழில் நாவல் தொடராக வந்தது. புத்தகமாகப் போட 20-க்கு மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் 1965-இல் துணிந்து போட்டது சில்ட்டன் என்ற நிறுவனம், கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர் போனது அது! மறுவருடமே அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதும், முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட நெபுலா நாவல் விருதும் வந்தன. ஆனாலும் இந்தப் புத்தகத்தை இத்தனை வருடம் தூக்கிச் சுமந்தது விருதுகள் இல்லை, 'இதைப் படி' என்று அடுத்தவர் கையில் திணித்த வாசகர்கள்தான்.

இப்போது படங்களுக்கு வருகிறேன். 1970-களில் இயக்குநர் ஹோடரோவ்ஸ்கி எடுக்க நினைத்த 'டூன்' எடுக்கப்படவே இல்லை. ஆனால் அதற்காக அவர் சேர்த்த ஓவியர்களும் எழுத்தாளரும் பிறகு 'ஏலியன்' படத்தில் வேலை செய்தார்கள், எடுக்காத படமே இன்னொரு படத்துக்கு உரமாகிவிட்டது. 1984-இல் டேவிட் லிஞ்ச் எடுத்தார். மண்டைக்குள் ஓடும் நினைப்பை அவர் கிசுகிசுப்பாக நம் காதில் போட்டார், திரையில் ஒரு முகம் சும்மா இருக்கும், குரல் மட்டும் ஓடும். பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது நேர்மையான முயற்சியாகத்தான் படுகிறது. தொட்டிக்குள் மிதக்கும் அந்த விண்கல வழிகாட்டியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் கடைசிக் காட்சியில் அராக்கிஸில் மழை பெய்கிறது பாருங்கள், அங்கேதான் நாவலின் வாசகர் எழுந்து நின்றுவிடுவார். அந்தப் பாலையில் வாழும் ராட்சத மணற்புழுவுக்குத் தண்ணீர் விஷம். புழு இல்லையென்றால் ஸ்பைஸ் என்ற அரிய பொருள் இல்லை, ஸ்பைஸ் இல்லையென்றால் கோள்களுக்கு நடுவே கப்பலே ஓடாது. வாழ்த்து மாதிரி பெய்யும் அந்த மழை, அந்த உலகத்தின் கழுத்தை நெரிக்கிற மழை.

இதைச் சொன்னால், சினிமாதானே, மழை பெய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை நண்பர்களே. ஒரு உலகத்தில் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்பதை அத்தனை பக்கங்களில் நமக்குள் இறக்கியிருக்கிறார் ஒருவர். செத்துப்போனவனுக்காக லெட்டோவின் மகனும் கதையின் நாயகனுமான பால் கண்ணீர் விடும்போது, 'இறந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறான்' என்று அந்தப் பாலையில் வாழும் ஃப்ரெமன் மக்கள் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதைப் படித்தவருக்கு அந்த மழை சும்மா மழை இல்லை.

2021 படத்தை எடுத்த டெனி வில்னவ் வேறு வழி பிடித்தார். நினைப்பைக் குரலாக்கவில்லை, அமைதியாக விட்டுவிட்டார். நாவலை இரண்டாக உடைத்து 2021-இல் ஒன்றும் 2024-இல் ஒன்றும் கொடுத்தார். முதல் படத்துக்கு 6 ஆஸ்கார் கிடைத்ததில் ஒலிக்குக் கிடைத்ததுதான் எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது, ஏனென்றால் அந்தப் பாலைவனத்தை நான் முதலில் காதால்தான் நம்பினேன். ஃப்ரெமன் தலைவர் ஸ்டில்கர் மேசையில் எச்சில் துப்புகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் வாளைத் தொடுகிறார்கள். அவர் உடம்பின் ஈரத்தைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார் என்று லெட்டோவின் வீரன் டங்கன் சொன்னதும் லெட்டோவும் பதிலுக்குத் துப்புகிறார். விருந்து போனாலும் அதன் சாரம் அந்த இடத்தில் வந்துவிட்டது என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். அன்று ஒத்துக்கொள்ளவில்லை, இன்று பாதி ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படத்தில் பாலின் காதலியான ஃப்ரெமன் பெண் சானியை மாற்றியதுதான் பெரிய சண்டை. நாவலில் அவள் பால்மீது நம்பிக்கை வைக்கிறாள், கடைசிவரை கூட நிற்கிறாள். அவன் அரசியலுக்காக இளவரசியை மணக்கப் போகும்போது, வரலாறு நம்மைத்தான் மனைவிகள் என்று அழைக்கும் என்று அவன் அம்மா ஜெசிகா அவளைத் தேற்றுவதோடு நாவல் முடிகிறது. படத்தில் சானி அவனை மீட்பராக ஏற்று மண்டியிட மறுக்கிறாள், தனியாகப் பாலைவனத்துக்குள் போய்விடுகிறாள். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் 1969-இல் வந்த இரண்டாம் நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன்.

அப்புறம்தான் புரிந்தது. மீட்பர்களை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் ஹெர்பர்ட் எழுதினார். ஆனால் முதல் நாவலைப் படித்த நிறையப் பேர் நாயகன் பாலைக் கொண்டாடிவிட்டார்கள். அதனால் இரண்டாம் நாவலில் அந்தக் கொண்டாட்டத்தின் விலையை எழுதினார், அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் செத்தவர்களின் கணக்கு 6,100 கோடி என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். முதல் நாவலைத் தொடராகப் போட்ட இதழாசிரியரே இதை வாங்க மறுத்துவிட்டார், நாயகன் இப்படி விழுவதை அவரால் ஏற்க முடியவில்லை. வில்னவ் அந்தச் சந்தேகத்தை முன்னாடியே கொண்டுவந்து சானியின் முகத்தில் வைத்துவிட்டார். கூட்டமே விழுந்து கும்பிடும்போது ஒருத்தி மட்டும் நிற்கிறாள் என்றால், அவள் ஹெர்பர்ட் தேடிய வாசகி. படம் பார்த்துவிட்டு, இது சரியில்லை, அது எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கிற நாமும் அவள் பக்கம்தான் நிற்கிறோம். இந்தக் கதைமேல் பற்று வைத்தவர் இதைக் கும்பிட முடியாது, கேள்வி கேட்கத்தான் முடியும்.

ஆனாலும் பாலின் தங்கை அலியா விஷயத்தில் மட்டும் என்னால் இறங்கிவர முடியவில்லை. நாவலில் அவள் கையில் விஷ ஊசியோடு எதிரி பாரனைக் கொல்கிற சின்னஞ்சிறுமி, பெரியவர்களின் நினைவுகளோடு பிறந்த குழந்தை. படத்தில் அவள் இன்னும் வயிற்றில் இருக்கிறாள், கொலையை பால் செய்கிறான். குழந்தையை அப்படிக் காட்டினால் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள் என்கிறார்கள். மணற்புழு மேல் ஏறி ஓட்டுவதை நம்பியவர்கள் இதை நம்ப மாட்டார்களா? சரி, நான் நிறுத்துகிறேன். முதலில் அலியா பக்கம் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள், பிறகு மற்றவர்கள் பேசலாம்.