எழுகடல் தெருவிலிருந்து பேசுகிறேன்

நடுவர் ஐயா, என் அணியினரே, எதிரணிப் பெருமக்களே, வணக்கம். 'போரில் கடலோடு போன விமானியின் நினைவைக் காப்பது பொறித்த எழுத்தா, உற்றவர் நெஞ்சமா?' எழுத்தே என்பது எங்கள் கட்சி.

ஆனால் எதிரணி அம்மா ஒரு வார்த்தை சொன்னார்கள். "கடலே இல்லாத மதுரைக்காரர்கள் கடலில் விழுந்தவனுக்குக் கல் வைக்கப் புறப்பட்டுவிட்டார்கள், முதலில் வைகையில் தண்ணீர் வரட்டும்" என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கைகளைக் கேட்கிறேன்: மதுரைக்கா கடல் இல்லை?

பாண்டியன் கொடியில் துள்ளியது என்ன? மீன். அவனுக்கு முத்துக் கொடுத்த கொற்கை எதன் கரை? அதையெல்லாம் விடுங்கள். புதுமண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே ஒரு தெரு, அதற்கு என்ன பெயர்? உரக்கச் சொல்லுங்கள்! எழுகடல் தெரு! ஒரு கடல் இல்லை அம்மா, ஏழு கடல்!

அந்த ஏழு கடலும் யாருக்காக வந்தன? கணவனை இழந்த ஒரு தாய்க்காக. மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை. மாமியாரை அவ்வளவு தூரம் நடக்கவிடுவானேன் என்று, மருமகன் சொக்கநாதர் கடல்களையே மதுரைக்கு அழைத்துவிட்டார். அலை வந்துவிட்டது, நுரை வந்துவிட்டது. அவள் மட்டும் இறங்கவில்லை. ஏன்? கணவன் கையையோ, மகன் கையையோ, கன்றின் வாலையோ பிடித்துக்கொண்டுதான் முழுக வேண்டுமாம். கணவன் இறந்துவிட்டான். பெற்றதோ ஒரே மகள். கன்றின் வால்தான் மிச்சம்.

தாய்மார்களே, அந்தக் கரையில் அவளோடு கொஞ்சம் நில்லுங்கள். எதிரே ஏழு கடல். பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. சொக்கநாதர் பார்த்தார். செத்துப்போன மலயத்துவச பாண்டியனை வானுலகிலிருந்து அழைத்தார். வந்தான். கை கொடுத்தான். இருவரும் முழுகினார்கள். இது மதுரைக் கதை. கடலுக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

இப்போது வேறொரு கடல். 1944, ஜூலை 31. பிரெஞ்சு விமானி அந்துவான் து செந்த்-எக்சுபெரி கோர்சிகா தீவிலிருந்து கிளம்புகிறார். வயது 44. லைட்னிங் விமானம், அதில் துப்பாக்கி கிடையாது, கேமராதான். ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த தன் சொந்த நாட்டை மேலிருந்து படமெடுக்கப் போனவர் திரும்பவில்லை. 54 ஆண்டுகள் ஒரு தடயமும் இல்லை.

1998-இல், மார்செய் நகருக்குத் தெற்கே, ஒரு மீனவரின் வலை மேலே வருகிறது. மீனோடு மீனாக, கறுத்துப்போன ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி. வேறொருவர் என்றால் திரும்பக் கடலிலேயே வீசியிருப்பார். இவர் தேய்த்தார். எழுத்து தெரிந்தது. விமானியின் பெயர். அதோடு இன்னொரு பெயர்: கொன்சுவேலோ. அவர் மனைவி!

அந்தப் பெயர்களால்தான் அங்கே தேடினார்கள். விமானத்தின் துண்டுகளை 2003-இல் மேலே எடுத்தார்கள். அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்துத்தான் 2004-இல் அவருடையதே என்று உறுதி செய்தார்கள். நெஞ்சம் காக்கும் என்றீர்களே அம்மா, கொன்சுவேலோ 1979-இலேயே இறந்துவிட்டார். அந்த நெஞ்சம் மண்ணுக்குள் போய் 19 ஆண்டுகள் கழித்து எழுத்து கரையேறியது.

வைகையை வேறு இழுத்தீர்கள். அந்த வைகைக் கரையில்தான், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், 2006-இல் நடுகற்கள் கிடைத்தன. கூடலூரில் நடந்த ஆநிரைச் சண்டையில் மாண்ட அந்தவன் என்பவனின் பெயர், ஈராயிரம் ஆண்டு தாண்டியும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் நிற்கிறது. அவனுக்காக அழுத கண்கள் எங்கே?

ஐயா, மணியின் மேல் கை வைத்துவிட்டீர்கள். வாதத்தை இங்கே வைத்துவிடுகிறேன். எனக்கு அந்தக் கைச்சங்கிலியைத் தாண்டிப் போக முடியவில்லை. காஞ்சனமாலைக்குக் கணவன் கை வந்தது. கொன்சுவேலோவுக்கு அந்தக் கையில் கிடந்த சங்கிலிகூட வரவில்லையே!

உடல் வராத வீட்டை நினைத்துப் பாருங்கள். எந்தத் திதியில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது? தாலியைக் கழற்று என்று எந்த வாய் சொல்லும்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் யார் முதலில் எழுந்து ஓடுவது?

1971, டிசம்பர் 10. பாகிஸ்தானோடு போர். நம் கடற்படையின் அலிசே விமானம் ஒன்று அரபிக் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் மூன்று பேர். அவர்கள் கை நம் வலையில் இன்னும் சிக்கவில்லை. கல்லா நெஞ்சமா என்று நடுவர் பிறகு சொல்லட்டும். நான் பெயர்களைச் சொல்கிறேன், நீங்களும் என்னோடு சொல்லுங்கள். கை தட்ட வேண்டாம். எழுகடல் தெரு வரைக்கும் கேட்கட்டும்.

அசோக் ராய். சிரோஹி. விஜயன்.